கோபுரத்தில் ஏறிய கப்பல்

அந்தக் கையெழுத்தை அப்பாவுக்காகத் தட்டச்சு செய்தவள் நான்தான். 2005ஆம் ஆண்டின் தொடக்கம். சிங்கப்பூரில் சூதாட்டக்கூடம் வேண்டாம் என்று கேட்டு இணையத்தில் ஒரு மனு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கணினிப் பழக்கம் கிடையாது. வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "என் பேரை முழுசாப் போடும்மா, இனிஷியலோட" என்றார். பொத்தானை அழுத்தியதும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவருக்கு அது போதவில்லை. பேனா பிடித்து, காகிதத்தில் அழுத்தி எழுதியிருந்தால்தான் எதிர்ப்பு எதிர்ப்பாகத் தெரிந்திருக்கும் போல.

அப்பாவுடையதையும் சேர்த்து அந்த மனுவில் விழுந்தவை ஏறத்தாழ 30,000 கையெழுத்துகள். ஐந்து ஆண்டு கழித்து, மூன்று கோபுரங்கள் தலையில் ஒரு கப்பலைச் சுமந்து நிற்பது போன்ற அந்தக் கட்டடம் மரினா விரிகுடாவின் கரையில் எழுந்து நின்றது. மனு தோற்றது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மரினா பே சாண்ட்ஸ் இன்றைக்கு இருக்கிற உருவத்தில் பிறந்ததற்கு, வேண்டாம் என்று சொன்னவர்களும் ஒரு காரணம்.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்குச் சூதாட்டம் புதிதல்ல. டோட்டோ லாட்டரி அரசே நடத்துகிற சிங்கப்பூர் பூல்ஸ் வழியாக 1968 முதல் இருக்கிறது, 'நாலு நம்பர்' பிறகு சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. என் சித்தப்பா அந்தப் பந்தயத்தில் விழுந்தவர். பந்தய நாள்களில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. திரும்பி வரும்போது நடையை வைத்தே ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்லிவிடலாம். சித்தியின் தாலிக்கொடி சிராங்கூன் சாலை அடகுக்கடைக்குப் போய் வந்த கணக்கு அப்பாவிடம் இருக்கிறது. மீட்டது ஒவ்வொரு முறையும் அவர்தான். எங்கள் வீட்டில் சூதாட்டம் என்ற சொல்லுக்குத் தருமர் நாட்டை இழந்த கதையெல்லாம் தேவைப்பட்டதே இல்லை.

இதே மாதிரி ஒரு கதை இந்த நாட்டின் தலைவர் வீட்டிலும் இருந்தது. தன் அப்பா சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு வந்து, அடகு வைக்க அம்மாவிடம் நகை கேட்டு ஆத்திரப்பட்டதை லீ குவான் இயூ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் அவர் சூதாட்டக்கூடத்தை உறுதியாக எதிர்த்தார். அப்படிப்பட்டவரே 2005இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, தன் மனம் மாறியதற்கான காரணத்தைச் சொன்னார். அப்பா அன்றைக்கு ராத்திரிச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அரசுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்த ஜார்ஜ் இயோ 2004 மார்ச்சில் சூதாட்டக்கூடப் பேச்சை நாடாளுமன்றத்தில் எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சார்ஸ் நோய் வந்து விமான நிலையமே வெறிச்சோடிக் கிடந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு வரும் பயணிகளில் சிங்கப்பூருக்கு வருகிறவர்களின் பங்கு 1998இல் 8 விழுக்காடாக இருந்தது, 2002இல் 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 1991இல் சராசரியாக நான்கு நாள் தங்கிய பயணி, இப்போது மூன்று நாளில் கிளம்பிவிடுகிறார். 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னார். அமைச்சரவைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கடைசியில் ஒன்றல்ல, இரண்டு என்று முடிவானது: ஒன்று செந்தோசாத் தீவில், இன்னொன்று நகரின் நடுவில், மரினா விரிகுடாவில்.

அந்த ஓராண்டு நடந்த விவாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். தேவாலயங்கள் பேசின, முஸ்லிம் அமைப்புகள் பேசின, ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்துப் பேசினார்கள். காப்பிக் கடையில், பேருந்தில், தேக்காச் சந்தையில் மீன் வாங்குகிற இடத்தில் எங்கும் இதே பேச்சு. அந்த எதிர்ப்பு அரசைத் தடுக்கவில்லை. ஆனால் கையைக் கட்டிப்போட்டது. வெறும் சூதாட்டக்கூடம் என்று ஒன்றைக் கட்டிவிட இனி முடியாது. அப்படிப் பிறந்ததுதான் 'ஒருங்கிணைந்த உல்லாசத் தளம்' என்ற நீளமான பெயர். மாநாட்டு மண்டபம், அரும்பொருளகம், நாடக அரங்கு, கடைத்தொகுதி, ஹோட்டல், இத்தனைக்கும் நடுவில் ஒரு மூலையில் சூதாட்டம். அந்த மூலைக்கும் அளவு வைத்தார்கள்: 15,000 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மரினா பே சாண்ட்ஸின் மொத்தத் தளப்பரப்பில் இது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக அப்போது ஒரு நாளைக்கு 100 வெள்ளி, ஆண்டுக்கு 2,000 வெள்ளி. கணவனையோ மகனையோ உள்ளே விடாதீர்கள் என்று குடும்பமே விண்ணப்பித்துத் தடை வாங்கவும் சட்டத்தில் வழி வந்தது. சித்தப்பா காலத்தில் இது இருந்திருந்தால் சித்தி முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பார்.

இனி கட்டடம். மரினா விரிகுடா நிலத்துக்குக் கேட்ட விலை 120 கோடி வெள்ளி. அதை ஏலம் விடவில்லை, முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டார்கள். இந்த முடிவைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். அதிகம் பணம் தருகிறவனுக்கு நிலம் என்றிருந்தால், அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி வந்திருக்கும். விலை ஒன்றே என்று ஆனதும், போட்டி வேறு இடத்துக்கு நகர்ந்தது. மதிப்பெண்ணில் சுற்றுலாவுக்கு 40, கட்டட வடிவமைப்புக்கு 30, முதலீட்டுக்கு 20, நிறுவனத்தின் பலத்துக்கு 10. நகர மறுசீரமைப்பு ஆணையம் வேறு நிபந்தனைகளும் வைத்தது. நகரத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் பார்வையை மறிக்கக் கூடாது. கரையோர நடைபாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கோபத்தில் இருக்கிற ஊரின் முகத்தில் சுவர் எழுப்பினால் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

2006 மார்ச் இறுதியில் நான்கு குழுக்கள் திட்டங்களைக் கொடுத்தன. எம்ஜிஎம் மிராஜும் கேப்பிட்டலேண்டும் ஒன்று, ஹாராஸும் கெப்பல் லேண்டும் ஒன்று, கெந்திங்கும் ஸ்டார் குருசஸும் ஒன்று, தனியாக வந்தது லாஸ் வேகஸ் சாண்ட்ஸ். உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் வந்த அதற்குத்தான் மே 26 அன்று வாய்ப்புக் கிடைத்தது. வரைந்தவர் மோஷே சாஃப்டி. 1938இல் ஹைஃபாவில் பிறந்து, பதின்ம வயதில் கனடாவுக்குப் போனவர். 1967 மான்ட்ரியல் கண்காட்சிக்காக, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போன்ற 'ஹேபிடாட் 67' குடியிருப்பைக் கட்டி இளம் வயதிலேயே பேர் வாங்கியவர். அடுக்குமாடியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தோட்டம் வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வராந்தாவில் தொட்டியில் துளசியும் கறிவேப்பிலையும் வளர்க்கிற எங்களுக்கு அந்த ஆசை புரியும்.

ஹோட்டலுக்கு 2,500க்கும் மேற்பட்ட அறைகள் வேண்டும். அத்தனையையும் ஒரே வரிசையில் அடுக்கினால் அது நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில். சாஃப்டி அதை மூன்றாகப் பிரித்தார். நடுவில் அகலமான இரண்டு இடைவெளிகள், அவற்றின் வழியாக வானம். ஆனால் பிரித்ததும் வேறொரு சிக்கல் வந்தது. கீழே தரைத்தளம் முழுக்க மண்டபங்களும் கடைகளும் சூதாட்டக்கூடமும் நிறைந்துவிட்டன. நீச்சல்குளத்துக்கும் தோட்டத்துக்கும் இடமே இல்லை. கீழே இடமில்லாத தோட்டத்தைத்தான் அவர் மேலே தூக்கி வைத்தார். உலகமே படம் பிடிக்கிற அந்தக் கப்பல் இப்படித்தான் பிறந்தது. அலங்காரத்துக்காக வைத்த மகுடம் இல்லை அது. இடைவெளி விட்டதால் வந்த கணக்கு.

கோபுரங்களின் சாய்ந்த வடிவம் முதலில் சீட்டுக்கட்டிலிருந்து தோன்றியது என்று சாஃப்டி சொல்லியிருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஒவ்வொரு கோபுரமும் உண்மையில் இரண்டு பலகைகள். மேற்குப் பலகை நிமிர்ந்து நிற்க, கிழக்குப் பலகை கீழே விரிந்து, வளைந்து வந்து அதன் மேல் சாய்கிறது. சுவரில் சாய்த்த ஏணி மாதிரி. அதிகம் சாய்ந்த இடத்தில் சாய்வு 26 பாகை. 23ஆம் மாடியில் இரண்டும் சேர்கின்றன. சேருகிற வரைக்கும் அந்தச் சாய்ந்த கால் தன்னால் நிற்காது. முட்டுக் கொடுத்து, கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை முறுக்கி இழுத்துப் பிடித்துத்தான் ஒவ்வொரு மாடியாக ஏற்றினார்கள்.

நிலமும் லேசுப்பட்டதல்ல. கடலைத் தூர்த்து எடுத்த மண், அடியில் சேறு போன்ற களிமண். தோண்டினால் பக்கமெல்லாம் சரியும். அதனால் பல இடங்களில் பெரிய வட்டமாகத் தடுப்புச் சுவர் இறக்கி, அதற்குள் தோண்டினார்கள். ஒரு வட்டத்தின் விட்டம் 120 மீட்டர். நம் ஊர் உறைகிணறு நிற்கிற அதே சூத்திரம்தான்: வட்டம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும், குறுக்கே முட்டு வேண்டாம். பொறியியல் அரூப் நிறுவனத்துடையது, ஹோட்டல் கோபுரங்களைக் கட்டியது கொரியாவின் சங்யோங். கையால் கட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய.

அப்படி வந்தவர்களில் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் அப்பாவோடு டீ குடிப்பார். மேல்தளத்து எஃகுத் துண்டுகளைத் தரையிலேயே பூட்டி, வடம் கட்டி 200 மீட்டர் உயரத்துக்கு இழுத்தபோது அவர் கீழே நின்று பார்த்திருக்கிறார். "வேகமா இழுக்க மாட்டாங்கக்கா. தேர் நகர்ற மாதிரி, கண்ணுக்கே தெரியாம ஏறும். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா ஒரு ஆள் உயரம் போயிருக்கும்" என்றார். அந்த மேல்தளத்தின் எஃகு மட்டும் சுமார் 7,000 டன். கட்டி முடித்த பிறகு அவர் அங்கே ஏறவில்லை. ஊருக்குப் போகும் முன் ஒரு நாள் என்னை எதிர்க்கரைக்குக் கூப்பிட்டு, கட்டடம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னார். தான் சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, மூன்றும் வர வேண்டும் என்றார்.

வேலை பாதியில் இருக்கும்போதே 2008 நிதி நெருக்கடி வந்தது. லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் திவாலாகிவிடுமோ என்ற நிலை. மக்காவ் நகரில் அதன் வேலைகள் நின்றுபோயின. நிறுவனத்தின் தலைவர் ஷெல்டன் ஏடல்சன் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார். சிங்கப்பூரில் பளுதூக்கிகள் நிற்கவில்லை. 2010 ஏப்ரல் 27 அன்று முதல் பகுதி திறந்தது, ஜூனில் மேல்தளம், 2011 பிப்ரவரியில் தாமரை விரிந்தது போன்ற கலை அறிவியல் அரும்பொருளகம். மொத்தச் செலவு ஏறத்தாழ 800 கோடி வெள்ளி.

திறந்ததும் ஊர் பேசத் தொடங்கியது, இந்த முறை உருவத்தைப் பற்றி. கப்பல் என்றார்கள், அலைச்சறுக்குப் பலகை என்றார்கள். மூன்று ஸ்டம்பும் மேலே பெயிலும் என்றான் என் தம்பி. அம்மா முதன்முதலாகப் பார்த்துவிட்டு, "மூணு கல் அடுப்பு மேல தோணியைத் தூக்கி வச்சிருக்காங்க" என்றார். நான் கேட்டதில் மிகச் சரியான வருணனை அதுதான். பெரிதாக இருக்கிறது, நகரத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்றவர்களும் உண்டு. எனக்கும் முதல் ஆண்டு அப்படித்தான் தோன்றியது. விரிகுடாவின் எதிர்க்கரையில் நின்றால் வேறு எதையும் பார்க்க விடாது.

என் மனத்தை மாற்றியது அதன் முதுகு. 2012இல் கரையோரப் பூந்தோட்டம் திறந்த பிறகு, கிழக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க வழி கிடைத்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்பக்கத்தில் மாடிக்கு மாடி பால்கனி, அதில் செடிகள். சாய்ந்து இறங்குகிற அந்தச் சரிவில் காலை வெயில் விழும்போது, மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய வயல் மாதிரி இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்குப் பக்க முகப்பில் நெட் கான் என்ற கலைஞர் 2,60,000 சின்ன உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டிருக்கிறார். சாயங்காலம் கடல்காற்று எழும்போது பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் சிலிர்க்கும். பிறகு நாற்று வயலில் காற்று ஓடுகிற மாதிரி முகப்பு முழுவதும் ஓடும். காற்றுக்கு ஓர் உடம்பு கிடைத்தது போலிருக்கும்.

மேலே ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், வேலை செய்த இடத்தில் கொடுத்த விருந்துக்காக. மேல்தளத்தின் நீளம் 340 மீட்டர். வடக்கு முனை எந்தத் தூணும் இல்லாமல் 66 மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டம் சேர்ந்து ஆடினால் அதிராமலிருக்க, அந்த முனைக்கு அடியில் ஐந்து டன் எடை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீச்சல்குளம் 150 மீட்டர் நீளம், விளிம்பே தெரியாது. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற கோபுரங்கள் மூன்றும் காற்றில் வெவ்வேறாக அசைகின்றன. ஒரே தொட்டியாகக் கட்டியிருந்தால் விரிசல் விட்டிருக்கும். கோபுரங்களுக்கு நடுவே இணைப்புகள் வைத்து, கண்ணுக்கு ஒன்றாகவும் உண்மையில் தனித்தனியாகவும் கட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் பார்த்தேன். இணைப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு குறை எனக்கு மாறவே இல்லை. அதற்குப் பூங்கா என்று பேர். குளம் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும், மற்றவர்கள் முனையில் நின்று பார்க்க டிக்கெட். ஊரே சண்டை போட்டு, ஊரே விட்டுக்கொடுத்துக் கட்டின கட்டடத்தின் உச்சி ஊருக்கு இலவசமாக இருந்திருக்க வேண்டும். ஆண்டில் ஒரு நாளாவது.

2019 ஏப்ரலில் விரிவாக்கத்தை அறிவித்தார்கள். 15,000 பேர் உட்காரும் அரங்கு, அதோடு நான்காவது கோபுரம். வரைபவர் மறுபடியும் சாஃப்டி. கப்பலுக்கு அடியில் வராமல் சற்றுத் தள்ளித் தனியாக நிற்கும் கோபுரம் அது. சூதாட்டப் பரப்பில் 2,000 சதுர மீட்டரும் இயந்திரங்களில் 1,000மும் கூட்டிக்கொள்ள அனுமதி, உள்ளூர்வாசிகளின் கட்டணம் 150 வெள்ளி. கொவிட் வந்து எல்லாம் தள்ளிப்போனது. செலவுக் கணக்கு 800 கோடி அமெரிக்க டாலருக்கு ஏறியது. 2025 ஜூலையில்தான் அடிக்கல் விழுந்தது.

இந்த முறையும் ஊர் பேசியது. மூன்று அழகு, நான்கு கெடுத்துவிடும் என்றார்கள். சீன மொழியில் நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும், எதற்கு நான்கு என்றார் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கப்பலோடு சேராமல் அநாதையாக நிற்கும் என்றார்கள். எல்லாம் வடிவத்தைப் பற்றி. சூதாட்டப் பரப்பு கூடியதைப் பற்றிக் காப்பிக் கடையில் ஒருவரும் பேசி நான் கேட்கவில்லை. 2005இல் நாங்கள் கேட்ட கேள்வியை அந்தக் கட்டடத்தின் அழகு எங்கோ கரைத்துவிட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. சூதாட்டக்கூடத்துக்குள் அவர் இன்றுவரை கால் வைத்ததில்லை. ஆனால் வாரம் ஒரு நாள் அந்தக் கரையோர நடைபாதையில் நடக்க வேண்டும், நான் கூடப் போவேன். சென்ற வாரம் ஓரிடத்தில் நின்றார். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே வெளிறிய வானம் தெரிந்தது, கீழே மரங்களின் தலை.

"நாலாவது எங்க வருது?" என்று கேட்டார்.

கை நீட்டிக் காட்டினேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஐந்தாறு அடி பின்னால் போய், அங்கிருந்தும் அந்த வானம் தெரிகிறதா என்று பார்த்தார்.